துடைத்த மடிக்கணினிக்கு மறுவாழ்வு

வட்டு துடைக்கப்பட்டதும் "பொட்டியே போச்சு" என்று பலர் கலங்குகிறார்கள். போனது இயங்குதளமும் கோப்புகளுந்தான். பொட்டி நல்லாத்தான் இருக்கிறது.

2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது நம் திருவனந்தபுரத்தில்தான். இங்கிருந்து செயல்படும் 'கைட்' நிறுவனம், கேரளப் பள்ளிகளுக்காக உபுண்டுவின் அடிப்படையில் அமைத்த இயங்குதளத்தை இலவசமாகவே தருகிறது.

நான் செய்யும் முறை இதுதான்: வேறொரு கணினியில் அதை இறக்கி, காலியான பென்டிரைவில் துவக்க வட்டாக எழுதிக்கொள்வேன். மடிக்கணினியை அதிலிருந்து துவக்கி, நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பேன். வைஃபை, ஒலி, விசைப்பலகை எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனா ஒன்று. அப்பாவின் கடிதம், கல்யாணப் படம் என்று மீட்க வேண்டியது இருந்தால் உடனே நிறுவாதீர்கள். வட்டில் மிஞ்சியிருப்பதன்மேல் புதியது எழுதப்பட்டால் பழையது திரும்பாது. மீட்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்; நிறுவலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நிறுவியதும் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். பள்ளியில் மலையாளம் எழுதும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தட்டிப் பழகட்டும்.