பால்மரத்தின் மரபணுவில் ஒரு புதையல் வேட்டை

நம் தாத்தா பாட்டிமார் பலர் தோட்டப்புறத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள். அந்த மரத்துக்குள் பால் எப்படி உருவாகிறது? இதற்கு விடை தேடும் பணியில் நம் பினாங்குக்கும் பங்குண்டு.

பாயான் லெப்பாசில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மைய ஆய்வாளர்கள், ரப்பர் மர மரபணுத்தொகுதியின் வரைவை 2013-இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது, தோட்டங்களில் பரவலாக நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம்.

மரபணுத்தொகுதி என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம். ரப்பர் மரத்தில் அது ஏறக்குறைய 215 கோடி எழுத்து நீளம். வரைவில் சுமார் 110 கோடி எழுத்துகள் கோக்கப்பட்டன. மரபணுத்தொகுதியில் சுமார் 78 விழுக்காடு, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்! இந்தக் குவியலில் பயனுள்ள மரபணுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் 'தரவு அகழ்வு' உதவுகிறது. பெருந்தரவுக் குவியலைக் கணினியால் அலசி, அதில் மறைந்துள்ள ஒழுங்குகளைக் கண்டறிவதே தரவு அகழ்வு. மரவள்ளியும் ஆமணக்கும் ரப்பர் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்தகைய தாவரங்களின் மரபணுக்கள் தரவுத்தளங்களில் உள்ளன. புதிய வரிசையை அவற்றோடு ஒப்பிட்டால், ஒத்த வரிசைக்கு ஒத்த வேலை இருக்கலாம் என்று ஊகிக்க முடியும்.

இப்படி 68,955 மரபணுக்கள் கணிக்கப்பட்டன. அவற்றில் 12.7 விழுக்காடு ரப்பர் மரத்துக்கே உரியவை. ரப்பர் உற்பத்தி, நோய் எதிர்ப்பு ஆகியவற்றுக்கான முக்கிய மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. ரப்பர் கையுறை அணிவோரில் சிலருக்கு ஒவ்வாமை தரும் புரதங்களின் மரபணுக்களும் கிடைத்தன.

இதனால் என்ன பயன்? ஆசியத் தோட்டங்களின் மரங்களில் பெரும்பாலானவை, 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழிவந்தவை. எனவே அவற்றில் மரபணு வேறுபாடு குறைவு. தென்னமெரிக்காவில் ரப்பர் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் பூஞ்சை இங்கு நுழைந்தால், எல்லா மரங்களும் ஒருசேரப் பாதிக்கப்படலாம். எதிர்ப்பு மரபணுக்களை முன்பே அறிந்திருந்தால், தாங்கும் கன்றுகளை விரைவாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம், மாணவர்களே. கணினி காட்டுவது தடயம் மட்டுமே. அந்த மரபணு உண்மையில் அந்த வேலையைத்தான் செய்கிறதா என்பதை ஆய்வகமும் தோட்டமும்தான் உறுதிசெய்யும்.

மரபணு வரிசைகளை ஒப்பிடும் 'பிளாஸ்ட்' என்னும் கருவியை இணையத்தில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆசிரியர் துணையோடு நீங்களும் முயன்று பாருங்கள்.