யானை வந்தது, அழுகை வரவில்லை

உஷ்! விளக்கை அணைத்தாயிற்று. 1954இல் பாரமவுண்ட் கம்பனி வெளியிட்ட ‘எலிஃபண்ட் வாக்’ ஓடுகிறது. தூரத்தில் ஒரு பெண் நடந்து போகிறாள். எலிசபெத் டெய்லர்தானே? இல்லவே இல்லை! சில தூரக் காட்சிகளில் தெரிவது விவியன் லீ. கிட்டத்தில் முகத்தைக் காட்டும்போதுதான் டெய்லர். கதாநாயகி ஒருத்தி, ஆள் இரண்டு!

நடந்தது இதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதை. பணத்துக்குக் குறைவில்லை, டெக்னிகலர் வேறு. 1953 தொடக்கத்தில் விவியன் லீ இலங்கைக்கு வந்து வெளிப்புறக் காட்சிகளில் நடித்தார். மனநோய் முற்றியது. ஹாலிவுட் போய்ச் சேர்ந்ததும் நடிக்கவே முடியாத நிலை. பாவம், அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, 21 வயது டெய்லரை இன்னொரு கம்பனியிடம் இரவல் வாங்கினார்கள். விவியன் நடித்த கிட்டக் காட்சிகளை டெய்லரை வைத்து மறுபடி எடுத்தார்கள், ஆனால் அதற்காக இலங்கைக்கு மறுபடி வரவில்லை. ஹாலிவுட்டில் செட், தூரக் காட்சிகளுக்கு விவியனின் முதுகே போதும் என்று விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, விளம்பரப் படம் எடுக்கும்போது காற்று மெஷின் கிளப்பிய துணுக்கு டெய்லரின் கண்ணில் பாய்ந்து, சத்திரசிகிச்சை வரைக்கும் போயிற்று!

கதையைக் கேளுங்கள். யானைப் பாதையை மறித்துப் பங்களா கட்டிய பழைய துரை செத்துப்போகிறார். மகன் துரை, இங்கிலாந்திலிருந்து புதுப் பெண்டாட்டியைக் கூட்டிவருகிறான். பங்களா ஹாலுக்குள்ளேயே குடிகாரத் துரைமார் சைக்கிளில் ஏறிப் போலோ ஆடுகிறார்கள், சத்தியமாக! பிறகு கொலரா. கடைசியில் யானைக்கூட்டம் மதிலை இடித்து உள்ளே வர, பங்களா பற்றி எரிகிறது. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? அந்தப் பெண்ணின் தனிமை நம்மைச் சுட வேண்டும் என்றால், அவள் முகத்தில் இந்த மலைக்காற்று பட்டிருக்க வேண்டும். காற்றுப் பட்டவள் ஒருத்தி, முகம் காட்டியவள் இன்னொருத்தி.

யானையைப் பற்றியும் ஒரு ரகசியம். எங்கள் நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தேயிலைக்குள் யானையைக் காண முடியாது. காட்டை வெட்டிய காலத்திலேயே யானைகள் தொலைந்தன. ஆயிரத்து நானூறுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில்தான் இருக்கிறது. 1845இல் அப்புத்தளையில் அவரை மின்னல் அடித்துக் கொன்றது. கல்லறையையும் விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. சினிமா தேடியிருந்தால் அசல் யானைப் பழிக்கதை இங்கேயே கிடந்தது!

சரி, மனிதர்கள்? கதையில் கனமான உள்ளூர்ப் பாத்திரம் பங்களாத் தலைமை வேலையாள் அப்புஹாமி. அதில் நடித்தவர் ரங்கூனில் பிறந்த ஏப்ரஹாம் சோஃபேர். கொழுந்து பறிக்கிறவர்கள் கூட்டமாக வருவார்கள், கூட்டமாகவே போவார்கள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுப்பது, இடுப்பில் சுற்றிய படங்கு, தலைக்கயிறு உச்சந்தலை முடியைத் தேய்த்த தடம், நிறுவையில் றாத்தலை வெட்டியதற்கு எழும் சண்டை, இவற்றில் ஒன்றின் பக்கத்திலாவது அந்தக் கமரா கொஞ்சம் நின்றிருக்கலாம். இத்தனைக்கும் அது எப்படிப்பட்ட நேரம்! 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1952 தேர்தலில் வாக்கும் இல்லாமல், சத்தியாக்கிரகம் செய்து ஓய்ந்திருந்த சனம். லயத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால் யானையே தேவைப்பட்டிருக்காது.

செலவுதான் குற்றம் என்று சொல்லவில்லை. அட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் வழியில் கித்துள்கலை இருக்கிறதே, அங்கேதான் 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்துக்காக டேவிட் லீன் அசல் பாலம் கட்டி, அசல் ரயிலை ஓட்டி வெடிவைத்தார். முதல் தடவை ஒரு கமராக்காரரிடமிருந்து சைகை வரவில்லை. வெடியை நிறுத்தினார்கள், ரயில் மட்டும் நிற்காமல் அக்கரைக்கு ஓடி முட்டிக்கொண்டது! அவ்வளவு கூத்துக்குப் பிறகும் படம் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் வெடியா? எதிரிக்குக் கட்டிய பாலத்தைத் தன் பிள்ளையைப்போல் நேசித்த அந்தக் கேர்ணலின் வீம்பு. அலெக் கினஸின் முகத்தில் அது உடைவதைப் பார்க்கத்தான் நாம் காத்திருக்கிறோம்.

தோட்டத்து ஆட்களுக்குக் கதையில் முதலிடம் கொடுத்த படம் ஒன்று 1975இல் வந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையையே கதையாக எடுத்துக்கொண்டது. எஸ். இராமநாதன் இயக்கினார்; எழுத்தில் தெளிவத்தை ஜோசப்பின் கை இருந்தது. ஹாலிவுட் பணம் அதில் ஏது?

இன்றும் எங்கள் மலைக்குப் படம் எடுக்க வருகிறார்கள். வாங்க, தாராளமாக வாங்க! ஒரு வேண்டுகோள்தான்: கமராவை முதலில் பெரட்டுக்களத்துக்குத் தூக்கிவாருங்கள், பங்களாவுக்குப் பிறகு போகலாம்.