படத்தாளில் கம்பம் பள்ளத்தாக்கு

தில்லித் துவாரகாவிலிருந்து 77ஆவது தீர்க்கரேகையை ஒட்டி நேர் தெற்கே 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் கம்பம் பள்ளத்தாக்கு வரும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரிசையில் துவாரகா 53 எச் என்னும் தாளிலும் கம்பம் 58 ஜி தாளிலும் அடங்கும். ஊர்ப்பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் இடர்ப்படுவர். கூடலூர் என்பது கம்பத்துக்கு அருகிலும் உண்டு, நீலகிரியிலும் உண்டு. நீலகிரிக் கூடலூரின் தாள் 58 ஏ ஆகும்.

1802இல் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்தார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் படைத்துறையினர் இருவர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து படமாக்கினர். அக்காலப் படங்களில் மலைகள் சரிவின் போக்கில் இட்ட நுண்ணிய கீற்றுக்களால் காட்டப்பட்டன. கண்ணுக்கு அழகியவையே, ஆனால் மலை எத்தனை அடி உயரம் என்று கேட்டால் கீற்றுக்கள் விடை கூறா.

அக்குறையைத் தீர்த்தவை சம உயரக் கோடுகள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் செல்லும் இக்கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. 1905க்குப் பின், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவில் வெளிவந்த வண்ணத் தாள்களில் இவை பரவலாக இடம்பெற்றன.

கம்பத்துக்கு மேற்கே, குமுளி மலைச்சரிவில் கோடுகள் ஒன்றையொன்று தொடுமளவு நெருங்குகின்றன. கம்பம் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. முகட்டுக்கு அப்பாலுள்ள பெரியாற்று ஏரியோ 850 மீட்டருக்கு மேல். மேற்கே அரபிக்கடலுக்குச் சென்ற நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புதல் கைகூடியது இவ்வுயர வேறுபாட்டினாலேயே. 1887இல் பென்னிக்குயிக் தலைமையில் தொடங்கிய அணை 1895இல் நீர் தந்தது. தேனி, மதுரைச் சீமைகளிலிருந்து வந்த நேயர்களுக்கு இந்நீரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வார்டு அளந்த நாளில் அங்கே ஏரி இல்லை. ஆறு மட்டுமே ஓடிற்று. பின்னாளைய தாளில் ஏரி கைவிரல்களைப்போல் பள்ளங்களுள் நீண்டு கிடக்கிறது. அசைவற்ற நீரின் கரை முழுதும் ஒரே உயரமாதலால், கரையே ஒரு சம உயரக் கோடு. எனவே பழைய படத்தையும் புதிய தாளையும் அருகருகே வைத்து நோக்குவோர் மூழ்கிய பள்ளத்தாக்கின் வடிவை அக்கரையிலிருந்தே உணரலாம். 2021இல் நடுவண் அரசு நிலப்படத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின், இத்தகைய தாள்களைப் பெறுவது எளிதாயிற்று.

தேக்கடியில் படகேறியவர்கள் நீருக்கு மேலே பட்ட மரங்களின் கட்டைகள் நிற்பதைக் கண்டிருப்பர். 1895க்கு முன் அவை காட்டு மரங்கள்.