புதன்கிழமை பகல் 12.15க்குக் காசில்லாக் கச்சேரி



இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் நாங்கள் பார்த்த சிக்காகோ நாலே இடம்தான். குடியிருக்கிற வீடு, ஃபேக்டரி, டெவன் அவென்யூ கடைத்தெரு, கையெழுத்துப் போடப் போகிற அலுவலகங்கள். உங்களில் பலருக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும். டவுன்டவுனை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அங்கே நமக்கு என்ன வேலை, உள்ளே போனால் யாராவது அட்டை கேட்பார்களே என்ற பயம். மலேசியாவில் ஒன்பது வருடம் யு.என். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடந்த பழக்கம் லேசில் போகுமா?

நாங்கள் என்றால் ஒரே கட்டடத்தில் இருக்கிற மூன்று குடும்பங்கள். மூன்றும் ரங்கூன் போட்டாதாங் பக்கம். ஊரை விட்டு வந்த கதை உங்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது, ஆகவே எங்களுடையதை இங்கே எழுதவில்லை. பேக்கிங் ஃபேக்டரியில் இரண்டாவது ஷிப்ட் வேலை, மூன்று மணிக்கு ஆரம்பம். அதுவரை பொழுது எங்கள் கையில்.

இங்கிலீஷ் வகுப்பு டீச்சர்தான் முதலில் சொன்னார். புதன்கிழமை தோறும் பகல் 12.15க்கு சிக்காகோ கல்ச்சுரல் சென்டரில் கச்சேரி நடக்கிறது, முக்கால் மணி நேரம், காசு கிடையாது என்று. காசு கிடையாது என்றதும் எங்களுக்குச் சந்தேகம்தான் வந்தது. இலவசம் என்று கூப்பிட்டு ஏமாற்றியவர்களை வழி நெடுகப் பார்த்து வந்தவர்கள் அல்லவா நாம்!

ஆனாலும் போனோம். காரணம் எங்கள் அத்தை. வயது 68. வந்ததிலிருந்து டாக்டரிடம் போக மட்டும்தான் வீட்டை விட்டு இறங்குவார். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் ஓரத்து நாற்காலி. மாமாவை மலேசியாவிலேயே எரித்துவிட்டு வந்தோம். போட்டாதாங்கில் இருந்தபோது வெள்ளிக்கிழமை பஜனையில் ஹார்மோனியம் வாசித்தவர் அத்தை. இங்கே வந்து பேச்சே குறைந்துபோனது. ஒருநாள் ராத்திரி, “என்னை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த புதன்கிழமை, டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லித்தான் அழைத்துப் போனோம்.

டெவனில் 155ஆம் நம்பர் பஸ், லயோலாவில் இறங்கி ரெட் லைன் ரயில், லேக் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. கட்டடத்துக்கு இரண்டு பக்கம் வாசல் உண்டு. வாஷிங்டன் தெரு வாசல் வழியாகப் போங்கள், கச்சேரி மண்டபத்துக்கு அதுதான் பக்கம். காவலாளியைக் கண்டதும் நாங்கள் அட்டையை எடுத்து நீட்டினோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. லிப்ட் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். மூன்றாவது மாடி.

பிரெஸ்டன் பிராட்லி மண்டபம் என்று பெயர். தலைக்கு மேலே கண்ணாடிக் கோபுரம், குறுக்களவு 38 அடி, டிஃபனி கம்பெனி செய்த வண்ணக் கண்ணாடித் துண்டுகள் சுமார் 30,000. சுவரெல்லாம் வெள்ளைச் சலவைக்கல், அதில் மின்னுகிற கண்ணாடிப் பதிப்பு. பெரிய எழுத்தாளர்களின் பெயர்களும், கிரேக்கம், ஹீப்ரு, அரபு, சீனம் என்று பல மொழி வாசகங்களும் பதித்திருக்கிறார்கள். தமிழைத் தேடிப் பார்த்தோம், இல்லை.

அத்தை அண்ணாந்து பார்த்தபடியே, “நம்ம போட்டாதாங் பயாவுக்குள்ள போன மாதிரி இருக்கே” என்றார். எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. ரங்கூனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: மற்ற பகோடாக்களைப் போல் அது கெட்டியான கட்டு இல்லை. உள்ளே நடந்து போகலாம், சுவரெல்லாம் தங்கத் தகடு. பழைய பகோடா 1943 நவம்பர் 8ஆம் தேதி ஆங்கிலேயர் விமானம் போட்ட குண்டில் நொறுங்கியது. யுத்தம் முடிந்து திரும்பக் கட்டும்போதுதான் உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டினார்கள்.

இந்தக் கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. சிக்காகோ 1871இல் எரிந்து சாம்பலானது. கேள்விப்பட்ட இங்கிலாந்துக்காரர்கள் சுமார் 8,000 புத்தகங்களைச் சேகரித்துக் கப்பலில் அனுப்பினார்கள். வைக்க இடமில்லை. பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் தட்டு அடித்து அடுக்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிக்காகோ பொது நூலகம், 1873இல் திறந்தது. நாங்கள் போன இந்தக் கட்டடம் அந்த நூலகத்துக்காக 1897இல் கட்டியது. இப்போது தலைமை நூலகம் தெற்கே ஹெரால்ட் வாஷிங்டன் கட்டடத்தில், 1991 முதல். கச்சேரி 1977இல் தொடங்கி இந்தப் பழைய நூலக மண்டபத்துக்கே உரியதாகிவிட்டது.

கச்சேரிக்கு ‘மைரா ஹெஸ்’ என்ற அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் லண்டனில் பியானோ வாசித்தவர். 1939இல் யுத்தம் வந்ததும் குண்டுக்குப் பயந்து லண்டனில் கச்சேரி மண்டபங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். தேசிய ஓவியக் கூடத்தில் படங்களைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டதால் சுவர் வெறுமையாகக் கிடந்தது. அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கிறேன் என்று அந்த அம்மையார் கேட்டு வாங்கினார். அக்டோபர் 10ஆம் தேதி முதல் கச்சேரிக்கே ஆயிரம் பேர் வந்தார்களாம். ஒரு ஷில்லிங் கட்டணம். அப்போதிருந்து 1946 ஏப்ரல் வரை, சனி ஞாயிறு தவிர தினமும், மொத்தம் 1,698 கச்சேரிகள். குண்டு விழுந்த நாட்களில் கீழ்த்தளத்துக்கு இறங்கி வாசித்திருக்கிறார்கள். லண்டனில் இப்படி வாசித்துக் கொண்டிருந்த காலத்தில்தான் அவர்களுடைய விமானம் நம்முடைய பயாவில் குண்டு போட்டது. இதை என்னவென்று சொல்வது! நாங்கள் மூன்று வீட்டாரும் இதைப் பேசிப் பேசிப் பார்த்தோம், முடிவுக்கு வர முடியவில்லை.

அன்றைக்கு வாசித்தது ஒரு பெண் வயலின், ஒரு பையன் பியானோ. இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது இருக்காது. பேர் எடுக்கப் போகிற இளம் கலைஞர்களுக்கு மேடை தருவதுதான் இந்தக் கச்சேரியின் நோக்கம். அத்தை என் காதில், “நம்ம பிடில்தானே, இந்தப் பொண்ணு ஏன் நின்னுக்கிட்டே வாசிக்குது?” என்றார். நம்மவர் தரையில் சம்மணம் போட்டுக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதைப் பார்த்த கண்ணல்லவா. உண்மையில் வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம். பாலுசாமி தீட்சிதர் 200 வருடத்துக்கு முன்பு அவர்களிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். பியானோவும் அப்படித்தான் பர்மியர் கையில் ‘சந்தயா’ ஆனது. ரங்கூன் ரேடியோவில் சந்தயா கேட்டு வளர்ந்தவர் அத்தை. பியானோ தனியாக ஓடின இடத்தில் அவர் விரல்கள் மடியில் அசைந்தன. நாங்கள் மேடையைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்துக் கொண்டிருந்தோம்.

ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறோம். முதல் பகுதி முடிந்ததும் நாங்கள் ஓங்கிக் கை தட்டினோம். மண்டபத்தில் வேறு யாரும் தட்டவில்லை! இந்தப் பாட்டுகளில் ஒன்று என்பது மூன்று நாலு துண்டாக வரும். எல்லாம் முடிந்து, வாசிப்பவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் கை தட்டுவது. பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்கார அம்மா சிரித்துவிட்டு, கையில் இருந்த தாளில் துண்டு எத்தனை என்று விரல் வைத்துக் காட்டினார். அவரும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தனியாக வந்தவர்தான்.

போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய் உட்காருங்கள். அங்கே நடப்பது அப்படியே ரேடியோவில் போவதால் குழந்தை அழுதால் வெளியே தூக்கிவந்துவிட வேண்டும், யாரும் கோபிக்க மாட்டார்கள். மண்டபத்தில் வேறு வேலை நடந்தால் கச்சேரி இடம் மாறும், ஆகவே முந்தின நாள் விசாரித்துக் கொள்ளுங்கள். ஷிப்ட் உள்ளவர்கள் முடிந்ததும் உடனே கிளம்புங்கள். ஒருநாள் ரயில் வழியில் நின்று, ஃபேக்டரிக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். சூப்பர்வைசர் ஒரு மணிச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். இருபது நிமிடத்துக்கு ஒரு மணி எந்த ஊர்க் கணக்கோ தெரியவில்லை. அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவைதான் போகிறோம்.

போகாத புதன்கிழமைகளில் ரேடியோ இருக்கிறது, எஃப்.எம். 98.7, அதே 12.15. காலை ஷிப்டில் இருக்கிற நம்மவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே கேட்கலாம். எங்கள் வீட்டில் செவ்வாய் ராத்திரியே, “நாளைக்குப் புதன்தானே?” என்று அத்தை கேட்டுவிடுவார். பனி கொட்டுகிற நாளில்கூட குளித்து, வேறு சேலை மாற்றி, சமையலறை ரேடியோவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்த முக்கால் மணி நேரம் மிக்சி போடக் கூடாது என்று மூன்று வீட்டுக்கும் உத்தரவு.