இன்னும் வராத நேரத்தில் எடுத்த படம்

பேத்தியின் காதுகுத்தில் மாலை 4 மணிக்கு எடுத்த படத்தை அன்று 7 மணிக்குக் கணினியில் ஏற்றினாராம் ஒரு வாசகர். கோப்பின் நேரம் 'இரவு 9.30' என்று இருந்ததாம். என்ன மாயம் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

கேமரா அட்டைகளில் உள்ள ஃபேட் என்னும் பழைய கோப்பு முறை, மணியை எழுதும். எந்த ஊர் மணி என்று எழுதாது. அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும் கணினி, நமக்காக ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டிவிடும். வித்தியாசம் சரியாக 5.30 என்றால் கேமராக் கடிகாரத்தைத் திட்டாதீர்கள்.

ஃபேட்டின் கஞ்சத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆண்டுக்கு ஏழே பிட். 1980-இல் தொடங்கி 2107-இல் தீர்ந்துவிடும். நொடிக்கு ஐந்து பிட். அதில் 32 எண்கள்தான் அடங்கும், 60 எங்கே போக? அதனால் இரண்டு நொடிக்கு ஒரு கணக்கு. கோப்பு மாறிய நேரத்தில் ஒற்றைப்படை நொடியே வராது. அம்மா பால் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடாகப் போடுவாள், அரை லிட்டருக்கு ஒரு கோடு. கால் லிட்டர் கூட வாங்கிய நாள் சுவருக்குத் தெரியாது.

ஆண்டே தள்ளிப்போவது வேறு கதை. காசு அளவு பேட்டரி தீர்ந்தால் கணினி பெரும்பாலும் பழைய தேதிக்குத்தான் போகும். எதிர்காலத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் மனிதக் கைதான். என் கணினியைப் பழுதுபார்த்தவர் ஆண்டை 2031 என்று வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் நான் கவனிக்கவில்லை. தேதியைச் சரிசெய்த பிறகு திருத்திய கட்டுரையை, நகலெடுக்கும் மென்பொருள் 'பழையது' என்று தள்ளி, 2031-இன் பிழைப்பிரதியை அதன்மேல் எழுதிவிட்டது. எது புதியது என்பதை அது தேதியை மட்டும் பார்த்தே முடிவுசெய்கிறது.

எதிர்காலத் தேதியிட்ட கோப்புகளைத் தேடுமுன் கணினியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். அது தப்பென்றால் தேடலும் தப்பு. பிறகு கோப்புகளை மாற்றிய தேதிப்படி, புதியது மேலே வர அடுக்குங்கள். குற்றவாளிகள் தலையில் நிற்பார்கள். லினக்ஸில் ஃபைண்ட் கட்டளை, இந்த நொடிக்குப் பிந்தியவற்றை மட்டும் பொறுக்கித் தரும். டச் கட்டளையால் தேதியைத் திருத்தலாம். எதையும் அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது நல்ல கோப்புதான்.

அப்பா ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் நாள் எழுதிவைத்தார். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நாள் மறந்துபோன கேமரா, திறந்ததும் தேதியைத்தான் கேட்கிறது. நாம் அதைத் தாண்டிப் போகிறோம். அடுத்த விசேஷத்துக்காவது அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் படமெடுங்கள்.