வர்க்கியும் ஒரு பழைய படகும்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டத்துக் குட்டையில் ஓடிய பைபர் படகு, அடி விரிசல் விட்டுப் பல வருடமாகப் புதரில் கிடக்கிறதாம். "கொளுத்திவிடலாமா?" என்று கேட்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

ஜான் சல்லிவன் ஊட்டி ஏரியை உருவாக்கிய 1824இல் படகென்றால் மரம்தான். பழசானால் மக்கிவிடும், இல்லை விறகாகும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் பிடித்துக்கொண்டது. அது மக்காது.

ஏன்? ஊட்டி சாக்லேட் உருகினால் மறுபடி அச்சில் ஊற்றலாம். பிளாஸ்டிக் குடம் அந்த ரகம். வர்க்கி பிஸ்கட் அப்படியில்லை, வெந்தது வெந்ததுதான், மறுபடி பிசைந்த மாவாகாது. பைபர் படகு வர்க்கி ரகம். பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். அச்சின்மேல் வெள்ளைக் கண்ணாடி இழை மேட்டை விரித்து, பாலியஸ்டர் ரெசினில் கொஞ்சம் கேட்டலிஸ்ட் கலந்து பிரஷ்ஷால் பூசுகிறார்கள். அடுப்பே கிடையாது, ஆனாலும் மீந்த ரெசின் டப்பா தொட்டால் சுடுகிறது! மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து வலையாக இறுகும்போது கிளம்பும் சூடு அது. அந்த வலையை எந்தச் சூட்டாலும் பழையபடி ரெசினாக்க முடியாது, கருகத்தான் செய்யும்.

கொளுத்தினால் ரெசின் நச்சுப் புகையாகும்; கண்ணாடி அப்படியே மிஞ்சும். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் காற்றில் பறந்து கண்ணையும் மூச்சையும் உறுத்தும்.

நல்ல வழி சிமென்ட் சூளை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைச் சொல்கிறது. சுமார் 1,450 டிகிரியில் ரெசின் எரிபொருளாகிறது. கண்ணாடியிலுள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் அலுமினாவும் சிமென்ட்டோடு சேர்ந்துவிடுகின்றன. அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை.

மலையேறும் வண்டிகளை நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில் தேடுகிறோம். படகு வாங்கும்போது மட்டும் அதன் கடைசி நாளை யோசிப்பதில்லை. பிரான்சில் 2019 முதல் புதுப் படகை விற்பனைக்குக் கொண்டுவருவோரே பழைய படகுகளைப் பிரிக்கும் செலவுக்குப் பணம் கட்டுகிறார்கள். இங்கும் படகு வாங்கும் டெண்டரிலேயே பழைய படகைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைச் சேர்க்க வேண்டும்.

குன்னூர் நண்பரே, முதலில் விரிசலை ஒரு பைபர் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டினால் இன்னும் சில வருடம் ஓடலாம். முடியாதென்றால் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு, சூளைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். வெட்ட வேண்டி வந்தால் தண்ணீர் தெளித்தபடி, முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டு வெட்டச் சொல்லுங்கள். அதுவரை படகைக் கவிழ்த்து வையுங்கள்; மழைநீர் தேங்கினால் கொசு பெருகும்.