எழுத்தில்லாத தையல் காகிதம்

செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியிலிருந்து ஒரு வாசகியின் கடிதம். பாட்டியின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அடியில் ஒரு பழைய உறை கிடைத்திருக்கிறது. மேலே கவுன் அணிந்த வெள்ளைக்காரப் பெண்ணின் படம், ஓர் எண், ஆங்கிலத்தில் சில வரிகள். உள்ளே பழுப்பேறிய மெல்லிய காகிதத் துண்டுகள். அவற்றில் ஓர் எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. வரிசை வரிசையாகத் துளைகள் மட்டும் இருக்கின்றன. “பூச்சி அரித்த குப்பையா, வைத்துக்கொள்ள வேண்டிய பொருளா?” என்று கேட்கிறார்.

வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்தான். துளைகள் ஒரே பருமனில், சீரான இடைவெளியில் இருந்தால் அவை தொழிற்சாலையில் போட்டவை. ஒரு கவுனை வெட்டித் தைப்பதற்கான முழுச் சேதியும் அவற்றில் இருக்கிறது.

அளவெடுப்பது, பேப்பர் கட்டிங் போடுவது, டார்ட் பிடிப்பது எல்லாம் தையல் லோயர், ஹையர் தேர்வு எழுதிய வீடுகளில் தெரிந்த சங்கதி. விலைக்கு விற்ற பேப்பர் கட்டிங்கின், அதாவது பேட்டர்னின், கதை அவ்வளவு தெரிந்ததல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபினேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் இதைத் தொடங்கினார். அவருக்கு முன்பும் காகித வெட்டுகள் விற்பனையில் இருந்தன. ஆனால் ஒரே அளவில் வரும், வாங்கியவர்தான் தம் உடம்புக்கு ஏற்பப் பெருக்கவோ சுருக்கவோ வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் தனி வெட்டு என்பதுதான் பட்டரிக் கொண்டுவந்த புதுமை. முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், பிறகு 1866 முதல் பெண்களுக்கும் வெளியிட்டார். 1870இல் ஜேம்ஸ் மெக்கால் என்ற ஸ்காட்லாந்துத் தையல்காரர் நியூயார்க்கில் போட்டிக்கு வந்தார். லண்டனில் வெல்டன் நிறுவனம் தன் பத்திரிகைகளோடு காகித வெட்டை இலவசமாகவே சேர்த்துக் கொடுத்தது. வோக், 1927இல் சிம்ப்ளிசிட்டி என்று வரிசை நீண்டது. வீட்டுக்கு வீடு தையல் மெஷின் வந்த காலம் அது. மெஷின் தைக்கும், எப்படி வெட்டுவது என்று சொல்லாது. அந்த இடத்தைக் காகிதம் நிரப்பியது.

இனி அந்தத் துளைகள். பழைய பேட்டர்ன்களில் மிக அழகான விஷயம் இதுதான், இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டிஷ்யூ தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மொத்தமாக வெட்டி, மொத்தமாகத் துளையிடுவார்கள். தாள் தாளாக அச்சிட வேண்டியதில்லை, அதனால் விலை குறைவு. சேதியெல்லாம் துளையின் பருமனிலும் அது இருக்கும் இடத்திலும்தான். பெரிய துளைகள் நேர்வரிசையில் போனால் அந்த வரிசை துணியின் நெட்டிழை மேல் படிய வேண்டும். இது பிசகினால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் கவுன் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒரு விளிம்பை ஒட்டிப் பெரிய துளைகள் இரண்டு மூன்றாகக் கூடியிருந்தால், பல நிறுவனங்களின் கணக்கில், அந்த விளிம்பைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும். வெட்டி விரித்தால் இடமும் வலமும் ஒரே துண்டாக வரும். சிறிய துளைகள் டார்ட் பிடிக்கும் இடத்தையும் சுருக்கம் வைக்கும் இடத்தையும் பிளீட் மடியும் இடத்தையும் காட்டும். விளிம்பில் முக்கோணமாகக் கொத்தியிருப்பது நாட்ச். ஒற்றை நாட்ச் ஒற்றையோடு சேரும், இரட்டை இரட்டையோடு. கையின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு இரண்டு என்ற வழக்கம் இன்றைய பேட்டர்ன்களிலும் தொடர்கிறது.

புள்ளிக் கோலம் போடுகிறவர், புள்ளி வைத்து முடித்ததுமே கம்பி எங்கே வளையும், எங்கே பின்னும் என்று தரையில் பார்த்துவிடுகிறார். மற்றவர்களுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரியும். துளை பேட்டர்னும் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இடுப்பு, மார்பு, தோள்பட்டை எல்லாம் துளைகளுக்கு நடுவே தெரிந்துவிடும். பழகாதவர்களுக்கான விளக்கம் பெரும்பாலும் உறையின் பின்பக்கத்திலோ உள்ளே மடித்து வைத்த குறிப்புத் தாளிலோ இருக்கும். உறை கிழிந்திருக்கிறது என்று அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் பேட்டர்னையே ஊமையாக்கிவிடுகிறார்கள்.

கோடும் எழுத்தும் அச்சிட்ட பேட்டர்னை 1920ஐ ஒட்டி மெக்கால் நிறுவனம் கொண்டுவந்து காப்புரிமையும் பெற்றது. 1938இல் அந்த உரிமை முடிந்த பிறகுதான் மற்ற நிறுவனங்கள் மெல்ல மெல்ல அச்சுக்கு மாறின. வோக் 1950கள் வரை துளைகளை விடவில்லை. ஆகவே அச்சில்லாத காகிதம் என்பதாலேயே அது கொள்ளுப்பாட்டி காலத்தது என்று முடிவு கட்ட முடியாது. வேறு அடையாளங்களையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திறப்பும் பிரஸ் பட்டனும் இருந்தால் பெரும்பாலும் 1930களோ 40களோ. முதுகில் நீளமான ஜிப் என்றால் 1950களும் அதற்குப் பிறகும். பாவாடை திடீரென்று ஒடுங்கி, அலங்கார மடிப்பும் கூடுதல் பையும் காணாமல் போயிருந்தால் அது போர்க்காலம்: அமெரிக்க அரசு 1942இல் எல்-85 என்ற ஆணை போட்டுப் பெண்கள் உடைக்கான துணியைக் கட்டுப்படுத்தியது, பிரிட்டனில் 1941 ஜூனிலேயே துணிக்கு ரேஷன் வந்துவிட்டது. 1947இல் கிறிஸ்டியன் டியோர் கெஜம் கெஜமாகத் துணி விழுங்கும் பாவாடையை அறிமுகம் செய்ததும் பேட்டர்ன் உறைகளிலும் பாவாடைகள் விரிந்தன.

அளவு எண்ணை மட்டும் நம்பவே கூடாது. 1950களின் நடுப்பகுதி வரை அமெரிக்கப் பேட்டர்னில் 12ஆம் அளவு என்றால் மார்புச் சுற்று 30 அங்குலம். 1956ஐ ஒட்டி அதே 12, 32 அங்குலமானது. 1968இல் 34 ஆனது. உடம்பு அப்படியே இருந்தது, எண்தான் நகர்ந்துகொண்டே வந்தது. உறையில் அங்குலக் கணக்கும் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குவதே சரி. அங்குலத்திலேயே பேசும் நம் ஊர் டெய்லர்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை.

செகந்திராபாத்தில் இப்படி ஓர் உறை கிடைப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில், ஆங்கிலேயப் படை தங்கிய கண்டோன்மென்ட் ஊராக 1806இல் எழுந்த இடம் இது. 1874இல் வாடியிலிருந்து ரயில் வந்தது. பிறகு லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும், அதைச் சுற்றி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். கப்பலில் வரும் மாதர் பத்திரிகைகளிலிருந்து பேட்டர்ன் ஒரு வீட்டுக்கு வந்தால் அது நாலு வீடு சுற்றும். கான்வென்ட் பள்ளியில் ஊசிவேலை கற்ற பெண்கள் தாங்களே தைத்தார்கள். வசதியுள்ளவர்கள் வராந்தாவில் தர்ஜி எனும் தையல்காரரை உட்கார வைத்தார்கள். அவருக்கோ காகிதமே வேண்டாம். ஒரு பழைய கவுனைக் கொடுத்தால் பார்த்து அச்சாக வெட்டிவிடுவார்.

தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றைச் செய்யக் கூடாது: பழைய காகிதத்தைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தக் கூடாது. அமிலம் ஏறிய டிஷ்யூ, மடித்த இடத்தில் பொடிந்துவிடும். சுருக்கம் எடுக்க வேண்டுமானால் ஆவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போதும். பிறகு பிரவுன் ஷீட்டில் நகலெடுத்து, துளைகளையும் நாட்சையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு, மூலத்தை உறைக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். நகலைக் கொண்டு காடாத் துணியில் ஒருமுறை வெட்டி, கைத்தையல் போட்டு உடம்பில் வைத்துப் பார்ப்பது நல்லது. 1950களின் கவுன்கள் இடுப்பை இறுக்கும் உள்ளாடைமேல் அணிவதற்காக வெட்டப்பட்டவை. மார்பு சரியாக இருந்தாலும் இடுப்பில் அநேகமாகப் பிடிக்கும். தையலுக்கு விடும் துணியும் குறைவாக இருக்கக்கூடும். நம் டெய்லர்கள் ஜாக்கெட்டின் பக்கத் தையலில் தாராளமாக உள்ளே விட்டு வைப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். உறையில் போட்டிருக்கும் துணிக் கணக்கு 35, 36 அங்குல அகலத்துக்கானதாக இருந்தால், ஜெனரல் பஜாரில் 44 அங்குலத் துணி எடுக்கும்போது அவ்வளவு தேவைப்படாது.

தொடக்கத்துக்கு 1952இல் பட்டரிக் வெளியிட்ட ‘வாக்-அவே’ கவுன் நல்ல தேர்வு. காலை உணவுக்குப் பின் தைக்கத் தொடங்கினால் மதிய விருந்துக்கு அணிந்துகொண்டு போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். துண்டுகள் மிகக் குறைவு. பின்துண்டு முன்னே சுற்றி வரும், முன்துண்டு பின்னே சுற்றிப் போகும். ஆனால் விளிம்பு நெடுகிலும் கிராஸ் பட்டி வைத்து முடிக்க வேண்டும், அதற்கே பாதி நாள் போய்விடும். அதன் மறுபதிப்பும் பின்னாளில் வந்திருக்கிறது.

மறுபதிப்பு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1990களின் இறுதியில் வோக் பேட்டர்ன் நிறுவனம் தன் பழைய வடிவங்களை மீண்டும் வெளியிட நினைத்தபோது, வீடுகளில் வைத்திருந்த பெண்களிடம்தான் மூலத்தைக் கடன் கேட்டது. லட்சக்கணக்கில் தயாரித்து விற்ற பொருளுக்கே இந்த நிலை. சேகரிப்பாளர்களும் நாடக உடை அமைப்பாளர்களும் கிடைத்ததைக் கிடைத்தபடி சேர்த்ததால்தான் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பல்லாயிரம் பேட்டர்ன்கள் கொண்ட காப்பகம் உருவானது. அதற்கு விதையிட்டது பெட்டி வில்லியம்ஸ் என்ற உடை அமைப்பாளரின் சேகரிப்பு. வளர்த்தவர் பேராசிரியர் ஜாய் எமரி.

ஹைதராபாத்தில் துணியைப் போற்றத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. புரானி ஹவேலியில் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் உடைகளுக்காகக் கட்டிய இரண்டடுக்கு மர அலமாரியை இன்றும் பார்க்கலாம். நிஜாம் குடும்பத்து இளவரசி நிலோஃபரின் புடவைகள் நியூயார்க் ஃபேஷன் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உடை பத்திரமாக இருக்கிறது, வெட்டியவரின் கணக்கு மட்டும் போய்விட்டது. கலி வைத்த குர்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே நீள்செவ்வகம், பக்கங்களில் சாய்வாக வெட்டிய கலிகள், அக்குளில் ஒரு சின்னச் சதுரம். கையைத் தூக்கினாலும் குர்தா ஏறாது, துணியில் வீணாவது சொற்பம். கடா துப்பட்டாவோடு அணியும் குர்தாவுக்கும் ஷெர்வானிக்கும் இந்த ஊர் மாஸ்டர்கள் வைத்திருந்த கணக்குகள் வாயிலும் கையிலும்தான் இருந்தன. மும்பையில் கே. ஆர். ஜாராப்கர் தம் வெட்டுமுறையைப் புத்தகமாக்கியதால் அது தலைமுறைகளைத் தாண்டிப் பயன்படுகிறது. அப்படி எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர்.

நம் வீடுகளிலும் இதே அலட்சியம்தான். டெய்லரிடம் கொண்டுபோகும் அளவு ஜாக்கெட் உண்மையில் ஒரு பேட்டர்ன். இருபது வருடம் அதை வைத்தே தைத்துவிட்டு, நைந்ததும் கரித்துணியாக்கிவிடுகிறோம். கடைச் சுவரில் ஆணியில் தொங்கும் காலர் அட்டைகள், துணித் துணுக்கைக் குத்தி வைத்த அளவு நோட்டுகள், தையல் பரீட்சைக்கு ஒட்டிய பேப்பர் கட்டிங் ஆல்பங்கள் எல்லாமே எடைக்குப் போகின்றன. ரெடிமேட் வந்தபின் யாருக்கு வேண்டும் என்கிறார்கள். ஒரு காலத்துப் பெண் எப்படி உட்கார்ந்தாள், எப்படிக் கை வீசி நடந்தாள், எவ்வளவு துணி வாங்க முடிந்தது என்பதற்கு அந்த அட்டைகளைவிட நேரான சாட்சி ஏது?

1995இல் தொடங்கிய நிஃப்ட் ஃபேஷன் கல்லூரி ஹைதராபாத்தில் இருக்கிறது. அதன் மாணவர்கள் சார்மினார் பக்கத்து ஷெர்வானி மாஸ்டர்களிடமும் செகந்திராபாத்தின் பழைய லேடீஸ் டெய்லர்களிடமும் போய் உட்கார்ந்து, வெட்டுகளைக் காகிதத்தில் இறக்கிச் சேர்த்தால் அது பெரிய காரியம். அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. உங்கள் தெருவில் எந்த டெய்லராவது கடையை மூடுவதாகத் தெரிந்தால், அளவு நோட்டும் அட்டைகளும் பழைய பேப்பர்காரரிடம் போவதற்குமுன் கேட்டு வாங்குங்கள். கடையின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலில் மேலே எழுதி, ஈரமும் இராமபாணப் பூச்சியும் அண்டாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.